வைரத்தில் 200 நானோடெஸ்லா சிக்னல் தெரியவே இல்லை, உதவி பண்ணுங்க

காட்பாடி மாணவி:
என்.வி. வைரத்தில் (உள்ளே நைட்ரஜன் அணுவும் அதன் பக்கத்தில் ஒரு காலியிடமும் இருக்கும் வைரம்) காந்தப்புலம் அளக்கிறேன். 532 நானோமீட்டர் பச்சை லேசர், 2.87 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மைக்ரோவேவ். வைரம் விடும் சிவப்பு ஒளி ஃபோட்டோடையோடு வழியா லாக்-இன்னுக்கு (ஒரு ஃப்ரீக்வென்சியில் வர்ற சிக்னலை மட்டும் பிரிச்செடுக்கும் கருவி) போகுது. சின்ன காயிலில் ஒரு நிமிஷம் கரண்ட் விட்டு, ஒரு நிமிஷம் நிறுத்தறேன். 200 நானோடெஸ்லா தெரியணும்; இரைச்சல்தான் தெரியுது. மூணு ராத்திரி சராசரி எடுத்தும் கோடு ஏறி இறங்கிட்டே இருக்கு. லேப் ரயில் பாதை ஓரம். 25 கிலோவோல்ட் கம்பிதான் காரணமா?

வேலூர் லேசர்காரர்:
ரயிலை அப்புறம் பார்க்கலாம்மா. லேசரை அட்டையால மறைச்சுப் பாரு: மிஞ்சுறது எலக்ட்ரானிக்ஸ் இரைச்சல். அட்டையை எடு, மைக்ரோவேவை மட்டும் அணை: கூடினது லேசரோடது. மைக்ரோவேவ் போட்டதும் புதுசா வர்றதுல வெளிக் காந்தப்புலமும் இருக்கும். ரயில் கம்பி அங்கதான் மாட்டும். மைக்ரோவேவை ஆட்டுற மாடுலேஷன் என்ன ஃப்ரீக்வென்சி?

காட்பாடி மாணவி:
1000 ஹெர்ட்ஸ் அண்ணா. மறைச்சா அமைதி. லேசர் மட்டும் போட்டாலே முக்கால்வாசி இரைச்சல் வந்துடுது!

வேலூர் லேசர்காரர்:
1000ங்கிறது 50-இன் மடங்கு, 50 ஹெர்ட்ஸ் லைன் கரண்டோட இரைச்சல் நேரா உள்ள வரும். 3725 வை. வைரத்துக்கு முன்னாடியே லேசர்ல கொஞ்சம் பிரிச்சு இன்னொரு ஃபோட்டோடையோடுக்கு விட்டு, ரெண்டையும் கழி.

ராணிப்பேட்டை வாத்தியார்:
சராசரி பத்தி ஒண்ணு. நூறு மடங்கு நேரம் எடுத்தா இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும், ஆனா அது ஒழுங்கில்லாத இரைச்சலுக்கு மட்டும்தான். ஏறி இறங்குற கோட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது. எனக்கு வெப்பம் மேலதான் சந்தேகம். ஒரு டிகிரி ஏறினா 2.87 சுமார் 74 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். உங்க 200 நானோடெஸ்லா நகர்த்துறது வெறும் 5.6 கிலோஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் ஃப்ரீக்வென்சியை மாத்தும்போது சிவப்பு ஒளி மங்குற ரெண்டு பள்ளத்துல ஒண்ணை மட்டும் பார்க்காதீங்க. ரெண்டையும் அளந்து இடைவெளியை எடுங்க. வெப்பம் ரெண்டையும் ஒரே பக்கம் தள்ளும், காந்தப்புலம் விலக்கும்.

காட்பாடி மாணவி (மறுநாள்):
சார், தெரியுது! இடைவெளியில் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குது, சுமார் 11 கிலோஹெர்ட்ஸ். ஆனா ஏசி கம்ப்ரசர் ஓடி நிற்கும்போதெல்லாம் கோடு இப்பவும் மெதுவா சாயுது.

ராணிப்பேட்டை வாத்தியார்:
பள்ளத்தைப் பிரிக்க வெச்ச காந்தம் நியோடிமியமா? டிகிரிக்கு 0.1 சதவீதம் வலு குறையும். 1 மில்லிடெஸ்லா வெச்சிருந்தா அதுவே 1000 நானோடெஸ்லா. இடைவெளியை எடுத்தாலும் இது போகாது. காந்தத்துக்குத் தெர்மாகோல் பெட்டி கட்டுங்க, ஏசி காத்து நேரா படாம.

காட்பாடி மாணவி:
மீன் மார்க்கெட் பெட்டி ஒண்ணு வாங்கி வந்துட்டேன் சார். கழுவிக் காய வெச்சிருக்கேன், ராத்திரி ஓட்டறேன்.