டிஸ்னி வேர்ல்ட் ஹோட்டலில் தங்குவதால் இன்னும் லாபம் உண்டா?

கேள்வி:
2019இல் ஆர்லாண்டோ போனபோது பூங்காவின் சொந்த ஹோட்டலில்தான் தங்கினோம். பெட்டியில் மஞ்சள் அட்டையைக் கட்டி விமானத்தில் போட்டால் போதும், நேராக அறைக்கே வந்துவிடும். நாங்கள் விமான நிலையத்தில் கையை வீசிக்கொண்டு பூங்காவின் இலவசப் பேருந்தில் ஏறினோம். அறைச் சாவியாகவும் நுழைவுச்சீட்டாகவும் உதவும், கையில் கட்டும் மேஜிக் பேண்ட் பட்டையும் இலவசம். மகளுடைய பச்சைப் பட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மறுபடி போகலாம் என்று யோசனை. அதில் எது மிச்சம்?

பதில் 1:
பேருந்து 2022 தொடக்கத்தோடு போயிற்று, இலவசப் பட்டை அதற்கும் முன்பே. முன்பு ஒரு நாளைக்கு ஒரு பூங்காவில் கூடுதல் நேரம் தருவார்கள் அல்லவா? இப்போது ஹோட்டலில் தங்குபவர்களை தினமும் டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களிலும் அரை மணி முன்னதாக விடுகிறார்கள். அரை மணிதானே என்று தூங்கிவிடாதீர்கள், கூட்டம் சேருமுன் பெரிய ரைடு ஒன்றை முடித்துவிடலாம். சில நாள் இரவில் தரும் கூடுதல் நேரம் மட்டும் டீலக்ஸ் என்ற உயர்தர வகை ஹோட்டலில் தங்குபவர்களுக்குத்தான்.

பதில் 2:
காரில் வருவீர்களா? 2023 ஜனவரியிலிருந்து ஹோட்டலில் இரவு பார்க்கிங் மறுபடி இலவசம். அப்புறம், ரைடுகளில் காத்திருப்பைக் குறைக்கும் லைட்னிங் லேன் என்ற தனி வரிசையை நீங்கள் 7 நாள் முன்பே பதிவு செய்யலாம், வெளியில் தங்குபவர்களுக்கு 3 நாள்தான். ஆனால் அது காசு கொடுத்து வாங்குவது. இதையும் சலுகை என்கிறார்கள்!

கேள்வி கேட்டவர்:
சரி, மகளைக் காலையில் எழுப்புவதுதான் பெரிய வேலை. இந்த முறை பெட்டியை நானேதான் இழுக்க வேண்டும் போல.