ஸ்பூல் விளக்கில் பல்பு சாய்கிறது, அவசர உதவி தேவை

காலிச்சுருள்: 3டி பிரிண்டருக்கான பிளாஸ்டிக் கம்பி (ஃபிலமெண்ட்) சுற்றிவரும் ஸ்பூல்களில் காலியான இரண்டை வைத்து மேசை விளக்கு செய்தேன். தூண்களும் ஹோல்டரைப் பிடிக்கும் வளையமும் நானே பிரிண்ட் செய்தவை. முதல் நாள் அருமையாக எரிந்தது. இன்று பல்பு தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. வளையத்தை மாற்றியும் அதே கதை. நாளை மறுநாள் பரிசாகக் கொடுக்க வேண்டும். எங்கே தவறு?

மின்மினி: என்ன பிளாஸ்டிக்? எத்தனை வாட் பல்பு? படம் எங்கே?

அடுக்குமாடி: இன்ஃபில், அதாவது உள்ளே நிரப்பும் பிளாஸ்டிக், 15 சதவீதம் வைத்திருப்பீர்கள். வெளிச்சுவரை நான்கு அடுக்காக்குங்கள், சரியாகிவிடும்.

மின்மினி: பிரிண்டரே தீப்பிடித்தாலும் இவர் இன்ஃபிலைத்தான் கேட்பார்.

காலிச்சுருள்: வழக்கமான பிளாஸ்டிக்தான். 12 வாட் எல்இடி. எல்இடி சூடாகாதே?

மூத்தநூல்: இதை இங்கே எத்தனை முறை எழுதுவது? பொருளின் குணத்தைப் படித்துவிட்டுப் பிரிண்டரைத் தொட வேண்டும். "வழக்கமானது" என்றால் பிஎல்ஏ. அது 60 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே இளகும். எல்இடி பல்பில் முன்பக்கம் வெளிச்சம், கழுத்தில் சூடு. உங்கள் வளையம் பிடித்திருப்பது அந்தக் கழுத்தைத்தான்.

மின்மினி: சொன்ன விதம் போகட்டும், விஷயம் சரி. பல்பு மேல்நோக்கியா, கீழ்நோக்கியா?

காலிச்சுருள்: கீழ்நோக்கி. ஹோல்டர் மேல் ஸ்பூலின் நடுக்குழலுக்குள் இருக்கிறது. அழகுக்காக மேலே ஒரு மூடியும் போட்டேன். அது முக்கியமா?

மின்மினி: அதுதான் முக்கியம்! சூடான காற்று மேலேறி அந்தக் குழலுக்குள் அடைபடுகிறது. மூடியை எடுத்துவிடுங்கள். வளையத்தைப் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கில் செய்தால் ஏறக்குறைய 80 டிகிரி வரை தாங்கும். வாட்டையும் குறையுங்கள். அதுவரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். ஹோல்டர் நழுவினால் ஒயர் இழுபடும்.

அடுக்குமாடி: பிஎல்ஏவையே அடுப்பில் பதப்படுத்தலாமே?

மூத்தநூல்: பதப்படுத்தினால் சுருங்கி அளவு மாறும். பிறகு ஹோல்டர் பொருந்தவில்லை என்று இங்கே இன்னொரு கேள்வி இழை.

பழையபாத்திரம்: 200 கிராம் காலி ஸ்பூலைக் காப்பாற்ற எத்தனை கிராம் புதுப் பிளாஸ்டிக் செலவழித்தீர்கள்? இதற்குப் பெயர் மறுபயன்பாடா?

அடுக்குமாடி: குப்பைக்குப் போகாமல் இருக்கிறதே.

பழையபாத்திரம்: சாய்ந்த வளையங்கள் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன. தூண்களுக்கு மரக்குச்சி போதாதா?

அடுக்குமாடி: மரக்குச்சி வைத்தால் அது வேறு விளக்கு.

மின்மினி: சண்டையைத் தனி இழையில் போடுங்கள். 12 வோல்ட் எல்இடி பட்டையை நடுக்குழலின் வெளிப்புறத்தில் சுற்றியிருந்தால் ஹோல்டரே வேண்டாம். மொத்த வாட்டைவிடக் கூடுதல் திறனுள்ள அடாப்டர் இருந்தால் போதும்.

மூத்தநூல்: அதையும் எழுதியிருக்கிறேன். தேடினால் கிடைக்கும்.

காலிச்சுருள்: பிஇடிஜி வளையம், 5 வாட் பல்பு, மூடி இல்லை. நான்கு மணி நேரமாக நேராக நிற்கிறது. கொடுத்துவிட்டேன். நன்றி.

மின்மினி: படம்?

அடுக்குமாடி: இன்ஃபில் எவ்வளவு வைத்தீர்கள்?