நடுகல் தளத்துக்கு உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள்? மூன்று இடத்தில் மூன்று கணக்கு – உதவி தேவை

தகடூரான் (தருமபுரி)

எல்லாருக்கும் வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து நடுகற்களைப் படம் எடுத்து, எழுத்து இருந்தால் அதன் வாசிப்பையும் சேர்த்து ஒரு வேர்ட்பிரஸ் தளத்தில் போட்டு வருகிறேன். விளம்பரம் கிடையாது, வருமானமும் நோக்கம் இல்லை. லீவு நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு அரூர் பக்கம், பென்னாகரம் பக்கம், தேன்கனிக்கோட்டை பக்கம் போவேன். ஒவ்வொரு கல்லுக்கும் தளத்தில் ஒரு பக்கம்.

தளம் ஆரம்பித்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. ஹோஸ்டிங் சி-பேனலில் (தளத்தை நிர்வகிக்கும் பக்கம்) இருக்கும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற கணக்குக் கருவி மாதத்துக்குப் பல ஆயிரம் என்று காட்டுகிறது. கூகுள் அனலிடிக்ஸைத் திறந்தால் நூற்றுச் சொச்சம். சர்ச் கன்சோலில் கிளிக் அதில் பாதி கூட இல்லை. எதை நம்புவது?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தேய்ந்துபோன வட்டெழுத்தை வாசித்து எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடுகிறது. ரோடு அகலப்படுத்தும்போதும், நிலத்தை ஜேசிபி வைத்து மட்டம் பண்ணும்போதும் கற்கள் இடம் மாறுகின்றன, சில காணாமலே போகின்றன. வருகிறவர்கள் படத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள் என்றால், முதலில் எல்லாக் கல்லையும் படமாக ஏற்றிவிட்டு வாசிப்பைப் பிறகு வைத்துக்கொள்வேன். வாசிப்பையும் படிக்கிறார்கள் என்றால் இப்படியே நிதானமாகப் போவேன்.

இன்னும் சில சந்தேகம். அனலிடிக்ஸில் ‘ஆஷ்பர்ன்’ என்று ஓர் ஊர் வந்துகொண்டே இருக்கிறது, அது எங்கே? தருமபுரிக்காரர்கள் ஏன் பட்டியலிலேயே இல்லை? முக்கால்வாசிப் பேர் ‘டைரக்ட்’ என்று வருகிறார்களே, அவ்வளவு பேரா முகவரியைத் தட்டச்சு செய்து வருவார்கள்?

பென்னாகரத்தான்

கவுன்டர் பிளகின் ஒன்று போட்டு எண்ணிக்கையை முகப்பிலேயே காட்டிவிடுங்க. நம்ம ஊர் விஷயம், எண்ணிக்கையைப் பார்த்தாலே நாலு பேர் வருவாங்க.

ஓசூர்வாசி

முகப்பில் கவுன்டர் வேண்டாம் அண்ணா. அது பாட் (தானாகப் பக்கங்களைக் கேட்கும் ரோபோ நிரல்) வந்தாலும் எண்ணும், நீங்கள் பிழைதிருத்தத் திறந்தாலும் எண்ணும். எனக்கு சர்வர் பார்க்கிற வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த மூன்று கணக்குமே சரிதான். மூன்றும் வேறு வேறு விஷயத்தை எண்ணுகின்றன.

ஏடபிள்யூஸ்டாட்ஸ் உங்கள் சர்வர் லாக்கை, அதாவது யார் எந்த ஃபைலைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவை, படிக்கிறது. அதில் பெரிதாகத் தெரியும் ‘ஹிட்ஸ்’ என்பது கேட்கப்பட்ட ஒவ்வொரு ஃபைலும். ஒரு கல்லின் பக்கத்தில் இருபது படம் இருந்தால், ஒருவர் ஒரு தடவை திறந்தாலே இருபதுக்கு மேல் ஏறிவிடும். படம் நிறைந்த தளத்தில் ஹிட்ஸை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ‘விசிட்ஸ்’ வரியைப் பாருங்கள், ஆனால் அதிலும் எல்லாரும் மனிதர்கள் இல்லை. பெயர் சொல்லி வரும் ரோபோக்களை அது தனிப் பட்டியலில் ஒதுக்கும். குரோம் என்று பொய் சொல்லி வருவதை ஒதுக்கத் தெரியாது.

அனலிடிக்ஸ் பக்கத்துக்குள் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டை ஓட்டி எண்ணுகிறது. தெரிந்த பாட்களைத் தானே கழித்துவிடும். ஆனால் விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர் எண்ணிக்கையில் வரமாட்டார். சிக்னல் இல்லாத இடத்தில் ஸ்கிரிப்ட் இறங்குமுன் மூடிவிட்டவரும் வரமாட்டார். இன்னொரு பக்கம், ஒரே ஆள் இரண்டாகத் தெரிவதும் உண்டு. ஃபேஸ்புக்குக்குள்ளேயே லிங்கைத் திறந்தால் ஒரு யூசர், அவரே பிறகு குரோமில் வந்தால் இன்னொரு யூசர். அது எண்ணுவது குக்கியைத்தான், அதாவது ஒவ்வொரு பிரவுசரிலும் தளம் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்பை.

சர்ச் கன்சோல் கூகுள் தேடலில் இருந்து வந்த கிளிக்கை மட்டும் சொல்லும். வாட்ஸ்அப்பில் இருந்து வந்தவர் அதில் இருக்கவே மாட்டார்.

ஆஷ்பர்ன் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஊர். டேட்டா சென்டர்கள் குவிந்த இடம். அங்கிருந்து வந்து ஒரு வினாடியில் போவதெல்லாம் ஏதோ சர்வர். தயங்காமல் கழித்துவிடுங்கள்.

தருமபுரி ஏன் வரவில்லை என்றால், ஊரை ஐபி முகவரியை வைத்துத்தான் ஊகிக்கிறது. மொபைல் டேட்டா பெரிய நகரத்து கேட்வே வழியாகப் போவதால், நான்கு ரோட்டில் நின்று பார்ப்பவரும் சென்னை என்றோ பெங்களூரு என்றோ விழுவார். ஊர்க் கணக்கை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

டைரக்ட் என்றால் ‘எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை’ என்றுதான் அர்த்தம். வாட்ஸ்அப் லிங்க் பெரும்பாலும் அதில்தான் சேரும். குழுவில் போடும் லிங்கின் கடைசியில் யூடிஎம் குறி (எங்கிருந்து வந்த லிங்க் என்று அனலிடிக்ஸுக்குச் சொல்லும் ஒட்டு) சேர்த்துப் போடுங்கள், சோர்ஸ் வாட்ஸ்அப், கேம்பெய்ன் என்ற இடத்தில் குழுவின் பெயர். எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்கட்டும். பெரிய எழுத்தைக் கலந்தால் அனலிடிக்ஸ் அதை வேறு வரியாகப் பிரித்துவிடும். தளத்துக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்கில் மட்டும் யூடிஎம் போடக்கூடாது. வாசகர் எங்கிருந்து வந்தார் என்ற கணக்கு குழம்பிவிடும்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

தம்பி, நானும் மாமரம் பற்றி ஒரு தளம் வைத்திருக்கிறேன், ஒட்டுக் கட்டுவது, கவாத்து, பூச்சி என்று. ஓசூர்வாசி சொன்னது எல்லாம் சரி. நான் சொல்ல வருவது வேறு. போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடாதீர்கள். எனக்கு மே, ஜூனில் கிளிமூக்கு, செந்தூரா என்று பழத்தைத் தேடி வருவார்கள். மழை ஆரம்பித்ததும் அது அப்படியே இறங்கி, சந்தூர் மாங்கன்று, கன்று நடும் குழி என்று தேடுகிறவர்கள் வருவார்கள். இறங்கும் மாதத்தைப் பார்த்தால் தளமே படுத்துவிட்டது போல இருக்கும். ஆட்கள் மாறுகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, சின்ன எண்ணிக்கையில் சதவீதம் பார்க்கவே கூடாது. போன வாரம் நாலு பேர், இந்த வாரம் எட்டு பேர் என்றால் அது ‘நூறு சதவீத வளர்ச்சி’ என்று பச்சை அம்பு காட்டும். வாரம் ஒரு நாள் உட்கார்ந்து, எந்தப் பக்கத்துக்கு எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று பாருங்கள். ஆரம்பத்தில் எனக்கு வேலைக்கு ஆனது அது ஒன்றுதான்.

தகடூரான்

அக்கா, தம்பி, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. லாக் ஃபைலையே இறக்கிப் பார்த்தேன். விடியற்காலை மூன்று மணிவாக்கில் ஒரே ஐபி லாகின் பக்கத்தை வரிசையாகத் தட்டுகிறது. எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்று ஒரு ஃபைலையும் விடாமல் கேட்கிறது. கூகுள்பாட், அஹ்ரெஃப்ஸ்பாட், ஜிபிடிபாட் எல்லாம் வந்து போயிருக்கின்றன. இதையெல்லாம் தள்ளிவிட்டால் அனலிடிக்ஸ் சொல்வதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

ஒன்று புரியவில்லை. பிரவுசர் பெயர் வரவேண்டிய இடத்தில் சில வரிகளில் ‘வாட்ஸ்அப்’ என்றே இருக்கிறது. அதுவும் அரூர் பக்கத்து ஒரு கல்லின் பக்கத்துக்கு மட்டும் திரும்பத் திரும்ப. யாரோ வாட்ஸ்அப்புக்குள்ளேயே படிக்கிறார்களா?

படிக்கிறார்களா இல்லையா என்பதும் இன்னும் தெரியவில்லை. என்கேஜ்டு என்று ஒரு கணக்கு வருகிறதே, அது போதுமா?

ஓசூர்வாசி

அந்த வரிகளை விட்டுவிடாதீர்கள் அண்ணா! ஒருவர் லிங்கை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது, தலைப்பும் படமும் சேர்ந்த சின்னப் பெட்டி வருமே, அதைத் தயார் செய்ய அவருடைய ஃபோனே உங்கள் பக்கத்தைக் கேட்கும். லாக்கில் பதிவாவது அதுதான். அதாவது அந்தக் கல்லின் லிங்கை யாரோ யாருக்கோ அனுப்புகிறார்கள், அதுவும் பலமுறை. அனலிடிக்ஸில் இது தெரியாது, லாக்கில் மட்டும்தான் தெரியும். லாக்கை ஒரேயடியாகத் தூக்கிப்போட வேண்டாம் என்பது இதற்காகத்தான்.

என்கேஜ்டு என்பது பத்து வினாடிக்கு மேல் இருந்தாலே வந்துவிடும், அல்லது இரண்டு பக்கம் பார்த்தால். பத்து வினாடியில் படம்தான் பார்க்க முடியும், கல்வெட்டைப் படிக்க முடியாது. ‘ஸ்க்ரோல்’ என்ற நிகழ்வு பக்கத்தின் 90 சதவீதம் இறங்கினால் பதிவாகும், ஆனால் அடியில் பின்னூட்டமும் பழைய பதிவுகளும் நீளமாகக் கிடந்தால் வாசிப்பை முழுசாகப் படித்தவரும் அந்த இடத்துக்குப் போயிருக்க மாட்டார். அதனால் இப்படிச் செய்யுங்கள். வாசிப்பையும் கல்வெட்டு விளக்கத்தையும் ஒரு பிடிஎஃப் ஆகவும் பக்கத்தின் அடியில் வையுங்கள். அனலிடிக்ஸ் அமைப்பில் ‘மேம்பட்ட அளவீடு’ ஆன் ஆகி இருந்தால் டவுன்லோடைத் தானாகவே எண்ணும். இறக்கி வைத்துக்கொள்கிறவர் படத்துக்காக மட்டும் வந்தவர் இல்லை.

அரூர் ஆசிரியர்

தம்பிகளே, எனக்கு இந்தக் கணினிக் கணக்கெல்லாம் தெரியாது. வாசகனாகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் நடுகல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேடியப்பன் என்பார்கள். கல்லுக்கு எண்ணெய் தடவி, பொட்டு வைத்து, பொங்கல் வைப்பார்கள். அது அவர்களுக்குக் குலசாமி. பிழைப்புக்கு ஓசூர், திருப்பூர், பெங்களூரு என்று போனவர்கள் ஊர்ச் சாமியைத் தேடினால் வேடியப்பன் என்றுதான் தேடுவார்கள். உங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் எங்கேயாவது இருக்கிறதா?

தகடூரான்

ஐயா, நீங்கள் சொன்னதும் சர்ச் கன்சோலில் தேடற்சொல் பட்டியலைப் பார்த்தேன். ‘வேடியப்பன் கோயில்’, ‘வேடியப்பன் வரலாறு’ இரண்டும் இருக்கின்றன. இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் காட்டப்பட்ட தடவை) நிறைய, கிளிக் அநேகமாக இல்லை, இடம் இரண்டாம் பக்கத்தில். திரும்பத் திரும்ப அனுப்பப்படும் அந்த அரூர்க் கல்லின் பக்கம்தான் வருகிறது. அந்தப் பக்கத்தில் வேடியப்பன் என்ற பெயர் கடைசிப் பத்தியில் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது.

கிளிக் வாங்குகிற இன்னொரு பக்கம் நாய்க்கும் எடுத்த கல் பற்றியது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்க் கல்லில் கோவிவன் என்ற நாயின் பெயரையே பொறித்திருக்கிறார்கள், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. நம் பக்கத்துக் கற்களோடு ஒப்பிட்டு எழுதியிருந்தேன்.

பட்டியலில் உள்ள கிளிக்கைக் கூட்டினால் மேலே காட்டும் மொத்தம் வரவில்லையே, ஏன்? வேடியப்பன் பக்கத்துக்குத் தலைப்பையும் முகவரியையும் மாற்றிவிடலாமா?

ஓசூர்வாசி

மிகச் சிலரே தேடும் சொற்களைத் தனியுரிமைக்காக கூகுள் பட்டியலில் காட்டாது. மொத்தத்தில் மட்டும் சேர்க்கும். சின்னத் தளத்தில் இந்த இடைவெளி பெரிதாகவே இருக்கும். அப்புறம், மேலே தேடல் வகை ‘வெப்’ என்று இருக்கும், அதை ‘இமேஜ்’ என்று மாற்றியும் பாருங்கள். படத் தேடல் பகுதியின் கணக்கு தனி.

முகவரியைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் லிங்க் எல்லாம் அதுதான். தலைப்பில் ‘வேடியப்பன்’ முதலில், ‘நடுகல்’ அடுத்து, ஊர்ப் பெயர் கடைசியில். முதல் பத்தியிலும் ஐயா சொன்னபடி மக்கள் கும்பிடும் விதத்தை எழுதுங்கள். மாற்றிய தேதியை ஒரு ஷீட்டில் குறித்துவையுங்கள். சில வாரம் கழித்து அந்த ஒரு பக்கத்தின் இம்ப்ரெஷன், கிளிக், இடம் மூன்றையும் முன்னதோடு வைத்துப் பாருங்கள்.

இன்றே செய்யவேண்டியது ஒன்று. அனலிடிக்ஸ் அட்மினில் டேட்டா ரிட்டென்ஷன் (விவரத்தை வைத்திருக்கும் காலம்) முதலில் 2 மாதம் என்றுதான் இருக்கும். 14 மாதம் ஆக்குங்கள், இல்லையென்றால் எக்ஸ்ப்ளோர் பகுதியில் பழையதைத் தோண்ட முடியாது. சர்ச் கன்சோல் 16 மாதம்தான் வைத்திருக்கும், மாதம் ஒருமுறை இறக்கிக்கொள்ளுங்கள். அக்கா சொன்ன மாதிரி அடுத்த வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிட அது வேண்டும்.

மாந்தோப்பு

ஆட்கள் கூடுவதற்கு முன் ஒன்று தம்பி. புதையல் இருக்கும் என்று கல்லுக்கு அடியில் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபோனில் எடுத்த படத்துக்குள்ளேயே இடக்குறி ஒட்டிக்கொண்டு வரும். ஏற்றுமுன் அதை நீக்கிவிடுங்கள். ஊர்ப் பெயர் போதும், எந்தக் காடு, எந்த வரப்பு என்று எழுத வேண்டாம்.

தகடூரான்

செய்கிறேன் அக்கா, பழைய படங்களிலும் எடுத்துவிடுகிறேன். ரிட்டென்ஷன் மாற்றிவிட்டேன். வேடியப்பன் பக்கத்துக்குத் தலைப்பு மாற்றி, வாசிப்பைப் பிடிஎஃப்பாகவும் சேர்த்தாயிற்று. இனி வாசிப்பு எழுதும் வரிசையை இப்படி வைத்துக்கொள்கிறேன்: இன்றும் பொங்கல் வைத்துக் கும்பிடும் கற்கள் முதலில், காட்டில் தனியாகக் கிடப்பவற்றுக்கு இப்போதைக்குப் படம் மட்டும். ஐயா, அரூர் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடும் வேறு கற்கள் தெரிந்தால் ஊர்ப் பெயர் மட்டும் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

அரூர் ஆசிரியர்

அனுப்புகிறேன் தம்பி. சித்தேரி மலை அடிவாரத்திலும் கேட்டுச் சொல்கிறேன். படம் எடுக்குமுன் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.