எண்ணிமத் தடயவியலா, எண்ணிமச் சான்றாய்வியலா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் உள்ள தரவுகளை நீதிமன்றத்துக்காக ஆராயும் துறையைப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பெயரில் கற்பிப்பது என்ற இந்த இழையில் 'கணினித் தடயவியல்', 'இலத்திரனியல் தடயவியல்', 'எண்ணிமத் தடயவியல்' ஆகிய மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. முதலாவதை எளிதில் விலக்கிவிடலாம். இன்று ஆய்வுக்கு வருபவற்றில் கைத்தொலைபேசியும் கண்காணிப்புக் கமராவும் முன்னிற்க, 'கணினி' என்ற சொல் துறையை மேசைமேல் உள்ள ஒரு பெட்டிக்குள் அடக்கிவிடுகிறது. 'இலத்திரனியல்' இலங்கையின் 2006ஆம் ஆண்டு இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தால் நன்கு பழகிய சொல்லே. ஆனால் அது கருவியைக் குறிக்கிறது. இங்கே ஆராயப்படுவது கருவியன்று, அதில் எண்களாகப் பதிந்துள்ள தரவு. ஆகவே டிஜிட்டல் என்பதற்கான 'எண்ணிம' என்ற அடையை நானும் ஏற்கிறேன். எனக்கு உடன்பாடில்லாதது 'தடயவியல்' என்ற பகுதியில்தான். அதற்கு மாற்றாக 'எண்ணிமச் சான்றாய்வியல்' என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

தடயம் என்பது எஞ்சி நிற்பது. சான்று என்பது மன்றம் ஏற்பது. அழிக்கப்பட்ட ஒரு குறுஞ்செய்தியை மென்பொருள் மீட்டெடுத்தால் கிடைப்பது தடயம் மட்டுமே. தொலைபேசி யாரிடமிருந்து, எப்போது கைப்பற்றப்பட்டது, யார் யாரிடம் கைமாறியது, மூலத்தில் எதுவும் எழுதப்படாதவாறு தடுத்து அதன் முழுநகலான படிமம் எடுக்கப்பட்டதா, படிமத்தின் ஹாஷ் மதிப்பு (தரவிலிருந்து கணிக்கப்படும், கைரேகை போன்ற எண்) மூலத்தின் மதிப்போடு ஒத்துள்ளதா, வேறொருவர் அதே படிமத்தை ஆராய்ந்தால் அதே முடிவுக்கு வருவாரா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதப்பட்ட பின்னரே அது சான்றாகும் தகுதியைப் பெறுகிறது. இந்த இடைவழியைக் கற்பிப்பதே பல்கலைக்கழகத்தின் வேலை. மீட்டெடுக்கும் மென்பொருளை இயக்க ஒரு வாரப் பயிற்சி வகுப்பும் போதும். அதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. தடயவியல் என்ற பெயரோடு பாடத்திட்டம் வரையத் தொடங்கினால், அது கருவிகளின் பட்டியலாகவே வளர்ந்து முடிந்துவிடுமோ என்று நான் அஞ்சுகிறேன்.

இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. கருவிகள் மிக விரைவில் பழையனவாகின்றன. காந்த வன்தட்டில் அழித்த கோப்பை மீட்பது ஒரு காலத்தில் இத்துறையின் முதற்பாடமாக இருந்தது. இன்றைய திண்மநிலைத் தட்டுகள் (SSD), இயக்குதளம் வேண்டாமென்று குறித்த பகுதிகளைத் தாமாகவே துடைத்துவிடுவதால், அந்தப் பாடத்தின் பெரும்பகுதி பயனற்றுப்போயிற்று. தொலைபேசிகள் இயல்பாகவே மறைகுறியாக்கத்தோடு வருகின்றன; தேவையான தரவு பெரும்பாலும் வேறொரு நாட்டிலுள்ள வழங்கிக் கணினியில் (server) இருக்கிறது. ஹாஷ் முறைகளுக்கும் இதே நிலைதான்: எம்டி5 முறையில் வேறுபட்ட இரண்டு தரவுகளுக்கு ஒரே மதிப்பை உருவாக்கலாம் என்பது 2004இலும், ஷா-1 முறையில் 2017இலும் செய்துகாட்டப்பட்டன. ஆகவே 'இந்தப் பொத்தானை அழுத்து' என்று கற்றவர் சில ஆண்டுகளில் கைவிடப்படுவார். 'இந்த முடிவை எதனால் நம்பலாம், எங்கே நம்பக்கூடாது' என்று கற்றவர் நிற்பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்துக்குப் பின் நமது அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நீதிமன்ற மொழி தமிழ். கணினித்துறைப் பட்டப்படிப்புகளோ ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. அதாவது, இங்கே படித்து வெளிவரும் ஆய்வாளர் தாம் ஆங்கிலத்தில் கற்றதை நீதவான் முன்னிலையில் தமிழில் விளக்கவும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் குறுக்குக் கேள்விக்குத் தமிழில் விடையளிக்கவும் கடமைப்பட்டவர். பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் இது நேரடியாகப் பொருந்தும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், உரிய தகுதியுடைய பல்கலைக்கழக ஆளணியினர் துணைவேந்தரின் பெயர்குறிப்பின்பேரில் விசாரணைகளுக்கு உதவும் நிபுணர்களாகலாம் என்று இடமளித்துள்ளது. கலைச்சொல் இல்லாத நிபுணர் சாட்சிக்கூண்டில் ஆங்கிலச் சொற்களை அடுக்குவார். அவற்றின் பொருளை மொழிபெயர்ப்பாளர் ஊகிப்பார். அந்த ஊகத்தின்மேல் ஒருவருடைய விடுதலையோ தண்டனையோ தங்கிவிடும். இந்த மண்ணில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தபோது சொற்கள் வகுப்பறைக்கு முன்பே ஆயத்தமாகக் காத்திருக்கவில்லை. கற்பித்தலோடு சேர்ந்தே அவை பிறந்தன. நாமும் அவ்வாறே செய்யலாம்.

சட்ட மொழியும் எனது முன்மொழிவுக்குத் துணைநிற்கிறது. 1895ஆம் ஆண்டிலிருந்து நமக்குள்ளது சான்றுக் கட்டளைச் சட்டம். அதன் 45ஆம் பிரிவே நிபுணர் கருத்தைப் பற்றிப் பேசுகிறது. கணினித் தரவையும் ஒலி, ஒளிப் பதிவுகளையும் அனுமதிப்பதற்கு 1995இல் வந்த 14ஆம் இலக்கச் சட்டமும் சான்று பற்றிய சிறப்பேற்பாடுகளாகவே இயற்றப்பட்டது. அத்தகைய சான்றை முன்வைக்க விரும்பும் தரப்பு வழக்கு விசாரணைக்கு 45 நாட்களுக்குக் குறையாமல் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்றும், மறுதரப்பு அதைப் பரிசோதிக்கக் கோரலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. மறுதரப்புக்காகப் பரிசோதிக்கும் ஆய்வாளரும் நமது மாணவராகத்தானே இருக்கப்போகிறார்? அவர் தேடுவது புதிய தடயமன்று. முன்வைக்கப்பட்ட சான்று தாங்குமா என்பதையே அவர் ஆராய்கிறார். 'தடயவியலாளர்' என்ற பெயர் அவருக்குப் பொருந்தாது, 'சான்றாய்வாளர்' பொருந்தும்.

சென்னையிலிருந்து எழுதிய ஐயா, 'தடய அறிவியல்' தமிழ்நாட்டில் அரசுத் துறையின் பெயரிலேயே நிலைபெற்றுவிட்டது என்றும், புதிய சொல் இரு நாட்டு வழக்கையும் பிரித்துவிடும் என்றும் எழுதியிருந்தார். இது கனமான மறுப்பு. இங்கேயும் 'தடயவியல் பொலிஸார்' என்று நாளிதழ்கள் எழுதுவதை எல்லோரும் அறிவோம். சம்பவ இடத்தில் சேகரிப்போருக்கு அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும். 'எண்ணிமத் தடயம்' என்பதையும் நான் நீக்கச் சொல்லவில்லை. மீட்டெடுக்கப்பட்ட, இன்னும் சோதிக்கப்படாத தரவுக்கு அதைவிடச் சிறந்த பெயர் இல்லை. இரண்டு சொற்களும் இருந்தால்தான் 'தடயம் கிடைத்தது, சான்றாகவில்லை' என்று ஒரு மாணவரால் தமிழில் எழுத முடியும்.

'சான்றாய்வு' என்றால் சான்றிதழ் சரிபார்ப்பு என்று மயங்கமாட்டார்களா எனக் கொழும்புச் சட்டத்தரணி அம்மா கேட்டிருந்தார். தனியே நின்றால் மயக்கம் வரலாம்; 'எண்ணிம' என்ற அடையும் 'இயல்' என்ற ஈறும் சேரும்போது பெரிதும் நீங்கிவிடும் என்பது என் கருத்து.

பெயர் ஏற்கப்பட்டால் பாடநெறியின் அமைப்பும் அதைத் தொடர வேண்டும். கணினி மாணவரும் சட்ட மாணவரும் ஒரே வகுப்பில் அமர வேண்டும். ஓட்டொப்சி போன்ற திறந்த மூல மென்பொருளும், அமெரிக்கத் தர நிறுவனம் பயிற்சிக்காக வெளியிட்டுள்ள படிமங்களும் இலவசமாகக் கிடைப்பதால், விலையுயர்ந்த உரிமங்கள் இன்றியும் ஆய்வுகூடத்தைத் தொடங்கலாம். இறுதி மதிப்பீடு தமிழில் எழுதிய ஓர் அறிக்கையாகவும், அதன்மேல் சட்ட மாணவர் நடத்தும் குறுக்கு விசாரணையாகவும் இருக்கட்டும். குரலையும் முகத்தையும் செயற்கையாக உருவாக்கும் மென்பொருள்கள் பெருகிவிட்ட நிலையில், 'இந்த ஒலிப்பதிவு உண்மையானதா' என்ற கேள்விக்கு 'உறுதியாகச் சொல்ல இயலாது' என்று காரணத்தோடு எழுதும் மாணவருக்கு முழுப் புள்ளி கொடுக்கவும் நாம் ஆயத்தமாக வேண்டும்.

அடுத்ததாக முடிவு செய்ய வேண்டியது, சான்றுப்பொருள் ஒவ்வொரு கையாக மாறியதை இடைவிடாது பதியும் ஆவணத்துக்கான சொல். 'காவற்சங்கிலி' என்பது பிறமொழிச் சொல்லின் நேர்ப்பெயர்ப்பாக ஒலிப்பதால் எனக்கு நிறைவளிக்கவில்லை. 'கைமாற்றுப் பதிவு' என்பதை முன்வைக்கிறேன். நீதிமன்றப் பதிவாளர்களாகப் பணியாற்றிய உறுப்பினர்கள் அங்கு ஏற்கெனவே வழங்கும் சொல் எதுவென்று எழுதினால், அதையே எடுத்துக்கொள்வோம்.