பொள்ளாச்சியில் செல்லும் தீர்ப்பு சித்தூரில் செல்லாதா?

தென்னந்தோப்பு, கொழிஞ்சாம்பாறை:
தோப்புக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் கல் நட்டுக் கம்பி கட்டி அடைத்துவிட்டார். சித்தூர் முன்சிப் கோர்ட்டில், அதாவது சிவில் வழக்கின் கீழ்ப்படிக் கோர்ட்டில், கேஸ் நடக்கிறது (கேரளாவின் பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்). எங்கள் பாதையைப் போலவே ஒரு விவகாரத்தில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைத் தேடிப்பிடித்துக் கொண்டுபோனேன். வக்கீல் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இது மெட்ராஸ் தீர்ப்பு, இங்கே யாரும் இதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை" என்கிறார். அடுத்தவர் நிலத்தில் பாதை போன்ற உரிமைகளைச் சொல்லும் ஈஸ்மென்ட் சட்டம் 1882-ஆம் வருடத்தது, பொள்ளாச்சிக்கும் அதேதான், எங்களுக்கும் அதேதான். மாநில எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் அர்த்தம் மாறிவிடுமா?

குழித்துறை வக்கீல்:
உங்கள் வக்கீல் சொன்னது சரிதான். ஒரு கோர்ட் யாருக்குக் கட்டுப்படும் என்று அறிய மேலே பார்க்க வேண்டும், பக்கத்தில் பார்க்கக் கூடாது. சித்தூர் முன்சிப்புக்கு மேலே பாலக்காட்டு மேல்முறையீட்டுக் கோர்ட், அதற்கு மேலே எர்ணாகுளத்துக் கேரள உயர் நீதிமன்றம், அப்புறம் டெல்லி உச்ச நீதிமன்றம். இந்த வரிசையில் சென்னை எங்கே வருகிறது? அரசியல் சாசனத்தின் 227-ஆம் பிரிவு ஒவ்வொரு உயர் நீதிமன்றத்துக்கும் அதன் எல்லைக்குள் இருக்கும் கோர்ட்டுகளின் மேல்தான் அதிகாரம் கொடுக்கிறது. நாடு முழுக்கக் கட்டுப்படுத்துவது 141-ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம் சொல்லும் சட்டம். மெட்ராஸ் தீர்ப்பைக் காட்டுங்கள், அதன் நியாயம் பிடித்திருந்தால் முன்சிப் எடுத்துக்கொள்வார். பிடிக்காவிட்டால் விடலாம்.

இது எங்கள் மாவட்டத்திலேயே நடந்த கதை. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மெட்ராஸோடு சேர்ந்தது. பழைய திருவிதாங்கூர் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் எங்களோடு கூடவே வந்து மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி ஓர் ஒற்றி வழக்கில் டெல்லி வரை போனது. 1979-இல் பதில் வந்தது: மதித்துப் படிக்கலாம், கட்டுப்பட வேண்டியதில்லை. மண்ணோடு தீர்ப்பு வராது சார்.

நகரித் தறிக்காரர்:
அண்ணா, அது உங்கள் பக்கத்துக் கதை. எங்கள் பக்கம் தலைகீழ். ஆந்திரா 1953-இல் பிரிந்தது, 1954 ஜூலை 5-இல் குண்டூரில் தனி உயர் நீதிமன்றம் வந்தது. கொஞ்ச நாளிலேயே அதன் முழு அமர்வு (பல நீதிபதிகள் சேர்ந்து உட்காரும் பெஞ்ச்), அந்தத் தேதிக்கு முன்னால் மெட்ராஸ் கொடுத்த தீர்ப்புகளுக்கு நாங்களும் கட்டுப்பட்டவர்கள்தான் என்று சொல்லிவிட்டது. ஆந்திராவோடு போன திருத்தணியோ 1960-இல் திரும்ப உங்களிடமே வந்துவிட்டது. இதில் எது விதி, எது விலக்கு?

குழித்துறை வக்கீல்:
இரண்டும் ஒன்றல்ல தம்பி. குண்டூர் கோர்ட் மெட்ராஸ் கோர்ட்டின் வயிற்றில் பிறந்தது, அதன் அதிகாரத்துக்கு வாரிசு. கன்னியாகுமரியில் புதுக் கோர்ட் எதுவும் பிறக்கவில்லை. நிலம்தான் ஒரு கோர்ட்டின் எல்லையிலிருந்து, முன்பே இருந்த இன்னொன்றின் எல்லைக்குள் வந்தது. கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு வாரிசு வாதமும் கைகொடுக்காது. பாலக்காட்டு டவுன் மலபார் என்பதால் 1956 வரை மெட்ராஸ். சித்தூர் தாலூக்கா கொச்சி சமஸ்தானம், மெட்ராஸ் கோர்ட்டின் கீழ் இருந்ததில்லை.

தென்னந்தோப்பு, கொழிஞ்சாம்பாறை:
வரிசை புரிகிறது சார், நியாயம்தான் புரியவில்லை. ஒரே பிரிவுக்கு இரண்டு உயர் நீதிமன்றம் இரண்டு அர்த்தம் சொன்னால், டெல்லி தீர்த்துவைக்கும் வரை நடுவில் மாட்டியவன் என்ன செய்வது? அதற்குப் பணம் கட்டுவது யார்?

தேங்காய் மண்டி, வேலந்தாவளம்:
டெல்லி தீர்த்துவைத்தால் மட்டும் நிம்மதியா? செக் பவுன்ஸ் கேஸைப் பாருங்கள். நமக்கெல்லாம் பொள்ளாச்சி வியாபாரி செக் கொடுப்பான், இங்கே வங்கியில் போட்டால் திரும்பி வரும். கேஸை எங்கே போடுவது? 1999-இல் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், செக் எழுதிய ஊர், நோட்டீஸ் அனுப்பிய ஊர் என்று ஐந்து காரியங்களைச் சொல்லி, அதில் ஏதாவது ஒன்று நடந்த ஊரில் போடலாம் என்றது. சரி என்று நம் பக்கமே போட்டோம். 2014-இல் அதே உச்ச நீதிமன்றம், செக் எழுதியவனின் வங்கி இருக்கும் ஊரில்தான் என்றது. வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏற வேண்டிய நிலைமை. 2015-இல் பார்லிமென்ட் சட்டத்தையே திருத்தி, பணம் வரவேண்டியவனின் வங்கிக் கிளை இருக்கும் ஊர் என்று ஆக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. ஏணியின் உச்சிப் படியே ஆடினால் கீழே இருப்பவன் எதைப் பிடிப்பான்?

குழித்துறை வக்கீல்:
ஆடவில்லை, அதிலும் வரிசை இருக்கிறது. 1999 தீர்ப்பு இரண்டு நீதிபதிகள் கொடுத்தது, 2014-இல் உட்கார்ந்தது மூன்று பேர். இரண்டு பேர் மூன்று பேர் தீர்ப்பை மாற்ற முடியாது, மூன்று பேர் இரண்டு பேருடையதை மாற்றலாம். 1973 கேசவானந்த பாரதி வழக்கில் 13 பேர் உட்கார்ந்ததே, முன்பு 11 பேர் கொடுத்த கோலக்நாத் தீர்ப்பை மறுபரிசீலிக்க. அந்தக் கேசவானந்த பாரதியும் உங்கள் கேரளா, காசர்கோட்டு எடநீர் மடத்துக்காரர்தான்.

தேங்காய் மண்டி, வேலந்தாவளம்:
தலையை எண்ணித்தான் சட்டம் என்றால் அதற்கு எதற்கு அவ்வளவு தடிப் புத்தகம்! அந்தப் 13 பேரும் 7-க்கு 6 என்றுதானே பிரிந்தார்கள்? ஒருத்தர் மனசு மாறியிருந்தால்?

குழித்துறை வக்கீல்:
மாறியிருந்தால் வேறு சட்டம். ஒவ்வொரு முன்சிப்பும் தனக்குத் தோன்றியதைச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

தோப்புக்காரரே, தீர்ப்புச் சண்டையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். உங்கள் கேஸில் மேலே இருப்பவர்களைவிட முன்சிப்தான் பெரியவர். சிவில் நடைமுறைச் சட்டம் 100-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுப்பார்கள். பாதை இருந்ததா, எவ்வளவு அகலம், யார் எப்போதிலிருந்து போனார்கள் என்பதெல்லாம் முன்சிப் கோர்ட்டிலும் முதல் அப்பீலிலும் ஏறக்குறைய முடிந்துவிடும். 20 வருடம் தடையில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், உரிமையாகப் போய்வந்தீர்கள் என்று சாட்சி சொல்ல ஆள் இருக்கிறதா? கோர்ட் அனுப்பும் கமிஷனர் வந்து அளந்தாரா?

தென்னந்தோப்பு, கொழிஞ்சாம்பாறை:
கமிஷனர் வந்தார். வண்டித்தடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார், அகலம்தான் குறைவாகப் போட்டிருக்கிறார். சாட்சிக்குத் தேங்காய் ஏற்றிய லாரி டிரைவர் இருக்கிறார், பழைய ஆள்.

குழித்துறை வக்கீல்:
அப்படியென்றால் அகலத்துக்கு உடனே ஆட்சேபம் போடச் சொல்லுங்கள். அந்த டிரைவரைப் பிடியுங்கள். கேரள உயர் நீதிமன்றம் இதே விஷயத்தில் எதிராக எதுவும் சொல்லவில்லை என்று பார்த்துக்கொண்டு, மெட்ராஸ் தீர்ப்பைக் கடைசியில் நீட்டுங்கள்.

தென்னந்தோப்பு, கொழிஞ்சாம்பாறை:
நீட்டுகிறேன். ஆனால் ஒரே சட்டத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் சார்.