விலங்குகள் நகர்வதைக் காட்டும் படப் புத்தகம் சொல்லுங்களேன்

வணக்கம். என் மகளுக்கு இரண்டரை வயது. விலங்குகள் எப்படி நகரும் என்று காட்டும் தமிழ்ப் படப் புத்தகங்கள் தேடுகிறேன். வீட்டில் இருப்பவற்றில் யானை, ஒட்டகம், நத்தை எல்லாமே அசையாமல் நிற்கின்றன, கீழே பெயர் மட்டும்.

போன வாரம் மழை விட்டதும் வாசல்படியில் ஒரு நத்தை. அது போன வழியெல்லாம் வெள்ளிக்கோடு. பாப்பா குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தானும் வயிற்றால் நகர்ந்து "நத்தை ஊருது" என்றாள். அந்தச் சொல் அன்றைக்குத்தான் அவளுக்கு வந்தது. தத்துவது, தாவுவது, நெளிவது, பாய்வது என்று தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறதே, அதெல்லாம் இப்படி உடம்போடு சேர்ந்து வர வேண்டும் என்று ஆசை.

ஒட்டகம் நடக்கும்போது ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்தாற்போல முன்னே போகும். அந்த அளவுக்குக் காலடியைக் கவனித்து வரைந்த புத்தகம் ஏதாவது தெரியுமா? தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களையும், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். நிறைய இருக்கின்றன, எதை முதலில் எடுப்பது? கெட்டி அட்டை என்றால் நல்லது, தாளைக் கிழித்துவிடுகிறாள். உங்கள் குழந்தை எந்தப் பக்கத்தைப் பார்த்து எழுந்து குதித்தது என்றும் எழுதுங்கள்.