மறு: ப்ரொரோகேஷன் – முடக்கமா, முடித்துவைப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

பிரிட்டன் அரசியல் சொற்கோவையில் மற்ற சொற்களுக்கு நமக்குள் பெரிய சண்டை வரவில்லை. தொங்கு நாடாளுமன்றம், கொறடா, நம்பிக்கையில்லாத் தீர்மானம் எல்லாம் ஏற்கெனவே புழங்குபவை. பிரெக்ஸிட்டை பிரெக்ஸிட் என்றே விட்டுவிடலாம் என்பதிலும் ஒருவருக்குத்தான் மனத்தாங்கல். ப்ரொரோகேஷன், அதாவது நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஆணையிட்டு முடிவுக்குக் கொண்டுவருவது, அது மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. இதுவரை வந்தவை: முடக்கம், இடைநிறுத்தம், ஒத்திவைப்பு, அமர்வறுப்பு, தொடர்முடிப்பு. என் பரிந்துரை இவற்றில் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

> முடக்கம் என்றே வைப்போம். 2019இல் தமிழ்ச் செய்திகளில் அதுதான் அதிகம் வந்தது. சனம் கொதித்துப்போய்த் தெருவுக்கு வந்தது. அந்தக் கொதிப்பு சொல்லில் தெரிய வேண்டாமா?

இலண்டன் அக்காவின் கேள்வி இது. கொதிப்பு உண்மை, அதில் வாதமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா வெளியேறுவதா என்ற 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் வெளியேறு என்றார்கள். வாக்கெடுப்பை வைத்த பிரதமர் கேமரன் மறுநாள் காலையிலேயே விலகுவதாக அறிவித்துவிட்டார். அடுத்து வந்த தெரசா மே, யாரும் கேட்காத ஒரு தேர்தலை 2017இல் நடத்தி, கையிலிருந்த பெரும்பான்மையையும் தொலைத்தார். வட அயர்லாந்துக் கட்சி ஒன்றின் 10 உறுப்பினர்கள் தயவில் ஆட்சி ஓடியது. அவர் கொண்டுவந்த ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 432க்கு 202 என்று தோற்றது. மார்ச்சில் இரண்டாம் முறை தோற்றது. மூன்றாம் முறை தோற்றது மார்ச் 29 அன்று, அதாவது வெளியேறியிருக்க வேண்டிய அதே நாளில்.

அந்த வசந்தத்தில் வெளியேற்றத்தையே கைவிடச் சொல்லி 60 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். மே மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில், அந்த ஆண்டுதான் களத்துக்கு வந்த பிரெக்ஸிட் கட்சி முதலிடம் பிடித்தது. ஆளுங்கட்சிக்கு ஐந்தாம் இடம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வெளியேற வேண்டும் என்றவர்களுக்கும் கோபம், வேண்டாம் என்றவர்களுக்கும் கோபம். ஒருவருக்கு நாடாளுமன்றம் மேல், இன்னொருவருக்குப் பிரதமர் மேல்.

அக்காவின் பரிந்துரையில் எனக்கு இடறுவது இங்கேதான். 2019 ஆகஸ்ட் 28 அன்று, மேவுக்கு அடுத்துப் பிரதமரான ஜான்சனுடைய அரசின் ஆலோசனைப்படி பால்மோரல் அரண்மனையில் அரசி ஆணையிட்டார். செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் 14 வரை நாடாளுமன்றம் இல்லை. வெளியேறும் கெடுவோ அக்டோபர் 31. எதிர்த்தவர்கள் இதை ஆட்சிக்கவிழ்ப்பு என்றார்கள். மனுவில் 17 இலட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். வெளியேற்றத்தை ஆதரித்தவர்களில் பலர், மூன்று வருடம் பேசியே கழித்த அவைக்கு இது தேவைதான் என்றார்கள். அரசோ, வழக்கமான நடைமுறை, புதிய தொடர் தொடங்கப்போகிறோம் என்றது. அதில் பாதி உண்மையும் உண்டு: 2017 ஜூனில் தொடங்கிய அந்தக் கூட்டத்தொடர் உள்நாட்டுப் போர்க் காலத்துக்குப் பிறகு மிக நீண்டது. இந்த மூன்று தரப்பும் ஒரே செயலைப் பற்றித்தான் வாதாடின. அந்தச் செயலுக்கான பெயர் மூவரும் வாயில் வைத்துப் பேசக்கூடியதாக இருக்க வேண்டும். முடக்கம் என்றால் முதல் தரப்பு வென்றுவிட்டது; வழக்கே தேவையில்லை.

இன்னொரு சிக்கல். இந்த ப்ரொரோகேஷனை எதிர்த்த வழக்கில், அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 24 அன்று தீர்ப்புச் சொன்ன பிறகு, இரண்டே வாரத்தில், அக்டோபர் 8 அன்று மறுபடியும் ப்ரொரோகேஷன் நடந்தது. புதிய தொடரைத் தொடங்கிவைக்கும் அரசி உரைக்காகச் சில நாள். எந்தக் கூட்டமும் தெருவுக்கு வரவில்லை. அதையும் முடக்கம் என்று எழுதுவோமா? முதலாவதற்கு ஒரு சொல், இரண்டாவதற்கு ஒரு சொல் என்று வைத்தால், நீதிமன்றம் எந்தக் கோட்டைக் கிழித்தது என்பதே வாசகருக்குப் புரியாது. செயல் ஒன்றுதான், தக்க காரணம் இல்லாமல் அவையை அதன் வேலையைச் செய்யவிடாமல் தடுத்ததுதான் குற்றம் என்பது தீர்ப்பு. அரசி உரையைத் தயாரிக்க நான்கு முதல் ஆறு நாள் போதும் என்று முன்னாள் பிரதமர் ஜான் மேஜர் தந்த சாட்சியத்தை மறுக்க அரசுத் தரப்பில் யாரும் இல்லை. ஐந்து வாரம் எதற்கு என்ற கேள்விக்கு விடையே வரவில்லை. (இதே மேஜர் 1997இல் தேர்தலுக்கு முன் அவையை முன்கூட்டியே முடித்து, பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்ட உறுப்பினர்கள் பற்றிய அறிக்கை வெளிவராமல் பார்த்துக்கொண்டார் என்ற பழி அவர்மேல் உண்டு. அனுபவசாலி.)

போதாக்குறைக்கு, தமிழில் முடக்கம் ஏற்கெனவே இரண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது. எதிர்க்கட்சிகள் கூச்சலிட்டால் ‘அமளியால் நாடாளுமன்றம் முடங்கியது’ என்கிறோம். குடியரசுத் தலைவர் ஆட்சி வந்து, பேரவையைக் கலைக்காமல் வைத்திருந்தால் அதுவும் முடக்கம். மூன்றாவது சுமை எதற்கு? 2022 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஆளுநர் தன்கர் பேரவைக் கூட்டத்தொடரை முடித்துவைத்தார். இங்கே பலரும் பேரவை முடக்கப்பட்டுவிட்டது என்று பதறினார்கள். தமிழ்நாட்டு முதல்வர் ஸ்டாலினே ட்விட்டரில் கண்டித்தார். மாநில அரசின் பரிந்துரைப்படிதான் செய்தேன் என்று ஆளுநர் பதில் தந்தார்.

> எங்கட பக்கம் பத்திரிகையள் ‘பாராளுமன்றம் ஒத்திவைப்பு’ எண்டுதான் எழுதுறது. 2018இல சிறிசேன செய்ததும் இதுதானே? பழகின சொல்லை ஏன் மாத்துவான்?

யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு: 2018 நிகழ்வு இந்த இழைக்கு நேரடி உறவு, சரியாக நினைவூட்டினீர்கள். இலங்கையில் அப்போதைய சனாதிபதி சிறிசேன செய்தவை: அக்டோபர் 26 பிரதமர் நீக்கம், மறுநாள் ப்ரொரோகேஷன், நவம்பர் 9 கலைப்பு. டிசம்பர் 13 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது கலைப்பை, முந்தையதை அல்ல. இரண்டையும் பிரித்துச் சொல்லும் தேவை அங்கேயே இருக்கிறது பாருங்கள். ஒத்திவைப்பை நான் ஏற்காததற்குக் காரணம், அது வேறொன்றின் பெயர் என்பதுதான். பகல் 12 மணி வரை ஒத்திவைப்பு, தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு என்று தினமும் படிக்கிறோம். அதை அவையே செய்துகொள்கிறது, அவைத்தலைவர் அறிவிக்கிறார். விட்ட இடத்தில் மறுபடி தொடங்கலாம். பிரிட்டனில் ஒத்திவைப்புக் காலத்தில் நிலைக்குழுக்கள் கூடும், அமைச்சர்களுக்கு எழுத்தில் கேள்வி அனுப்பலாம். ப்ரொரோகேஷன் வந்தால் எல்லாம் நின்றுவிடும். முடியாத மசோதாக்கள் செத்துப்போகும்.

இதற்குச் சொற்கோவையில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமானால் குடும்ப வன்முறைத் தடுப்பு மசோதாவைப் போடலாம். 2019 ஜூலையில் அறிமுகமானது. செப்டம்பர் ப்ரொரோகேஷனில் காலாவதியானது. தீர்ப்பு வந்ததும் உயிர்பெற்றது. அக்டோபர் ப்ரொரோகேஷனுக்கு முன் அடுத்த தொடருக்குக் கொண்டுபோகத் தீர்மானம் போட்டதால் தப்பியது. நவம்பர் 6 அன்று நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது மறுபடி செத்தது. சட்டமானது 2021இல். ஒரே மசோதாவின் வாழ்க்கையில் நம் சொற்கள் பாதிக்கு மேல் வந்துவிடுகின்றன. இதில் எல்லா இடத்திலும் ஒத்திவைப்பு என்று எழுதிப்பாருங்கள், ஒன்றும் விளங்காது.

சரி, எனக்கு முக்கியமாகப் படும் காரணம் தீர்ப்புக்குள் இருக்கிறது. 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின்படி, நாடாளுமன்றத்தின் நடவடிக்கைகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. அரசுத் தரப்பு இதைப் பிடித்துக்கொண்டது. ப்ரொரோகேஷன் நடப்பது மேலவையான பிரபுக்கள் அவைக்குள். அரசியின் ஆணையர்கள் தொப்பியோடு உட்கார்ந்திருக்க, பழைய நார்மன் பிரெஞ்சில் வாசகங்கள் ஒலிக்க, இரு அவை உறுப்பினர்களும் பார்த்திருக்க நடக்கிறது. அப்படியானால் அது நாடாளுமன்ற நடவடிக்கைதானே என்றார்கள். பிரெண்டா ஹேல் தலைமையில் 11 நீதிபதிகளும் ஒருமனதாக இல்லை என்றார்கள். நடப்பது அங்கேதான், முடிவு அவர்களுடையது அல்ல. வெளியிலிருந்து அவர்கள்மேல் சுமத்தப்படுவது. அதனால் நீதிமன்றம் தலையிடலாம். ஆணையர்கள் அன்று வெற்றுத்தாளோடு வந்து நின்றதற்குச் சமம், நாடாளுமன்றம் முடிக்கப்படவே இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். (இதில் ஒரு வேடிக்கை: ஒழுகும் வெஸ்ட்மின்ஸ்டர் கட்டடத்தைப் பழுதுபார்க்கும் சட்டத்துக்கு அதே சடங்கில்தான் அரச ஒப்புதல் தந்திருந்தார்கள். சடங்கு செல்லாததால் ஒப்புதலும் போயிற்று. அக்டோபரில் மறுபடி தர வேண்டியிருந்தது.)

ஆக, வழக்கு முழுக்க ‘யார் செய்தது’ என்பதில் நின்றது. அவை தானே செய்துகொண்டால் ஒத்திவைப்பு, வெளியே இருக்கும் அதிகாரம் செய்தால் வேறு. தமிழ்நாட்டுச் செய்திகளில் இந்த வேறுபாடு ஏற்கெனவே அழகாக இருக்கிறது. பேரவைத் தலைவர் அவையை ‘ஒத்திவைக்கிறார்’. சில நாள் கழித்து ‘கூட்டத்தொடரை முடித்துவைத்து ஆளுநர் உத்தரவு’ என்று ஐந்தாம் பக்கத்தில் சின்னச் செய்தி வருகிறது. நாம் தேடிக்கொண்டிருக்கும் சொல் அதுதான். முடித்துவைப்பு. முதல் முறை ‘கூட்டத்தொடர் முடித்துவைப்பு’ என்று முழுதாக எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். ஒத்திவைப்பு, முடித்துவைப்பு, கலைப்பு என்று மூன்றும் வரிசையாக நிற்கும். வினையாகவும் தடையில்லாமல் வரும்: முடித்துவைத்தார், முடித்துவைக்கப்பட்ட, முடித்துவைக்கும் ஆணை.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமர்வறுப்பு படைத்தவரின் உழைப்பு தெரிகிறது, ஆனால் அறுப்பு என்றதும் நெல் ஞாபகம் வருகிறது. தொடர்முடிப்பு நல்ல முயற்சி. சிக்கல், தொடர்மழை, தொடர்விடுமுறை மாதிரி ‘விடாமல் முடித்துக்கொண்டே இருப்பது’ என்று படித்துவிட வாய்ப்பிருக்கிறது. இடைநிறுத்தம் என்றால் நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி ஓடும் என்று தோன்றும். மசோதா செத்துப்போகும்போது அது பொருந்தாது.

முடித்துவைப்புக்கு எதிராக இரண்டு கேள்வி வரும், நானே சொல்லிவிடுகிறேன். ஒன்று, மங்கலமாக ஒலிக்கிறது: பெரியவர் முன்னின்று கல்யாணத்தை முடித்துவைத்தார் என்கிறோமே. ஒலிக்கட்டும். கோபத்தை அடைமொழியில் காட்டலாம். ‘சட்டப்புறம்பான முடித்துவைப்பு’ என்று எழுத யார் தடுத்தார்கள்? அக்காவின் கொதிப்பு அங்கே முழுதாக இறங்கும், முடக்கத்தில் இறங்குவதைவிட நன்றாகவே. சொல்லப்போனால் அந்த ஆண்டு டிசம்பர் தேர்தலில் ஜான்சன் கட்சி ஊரெங்கும் எழுதிவைத்த முழக்கத்தைத் தமிழில் சொன்னால் ‘பிரெக்ஸிட்டை முடித்துவைப்போம்’ என்றுதான் வரும். சலித்துப்போன மக்கள் அதற்கு 365 இடம் கொடுத்தார்கள். செப்டம்பரில் அவையை முடித்துவைக்கத் தெரியாதவருக்கு டிசம்பரில் இதை முடித்துவைக்கும் வாய்ப்பு.

இரண்டாவது கேள்வி கனமானது. இந்தியாவில் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டால் மசோதாக்கள் காலாவதியாவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 107ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கும் 196ஆம் பிரிவு பேரவைகளுக்கும் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. அதனால்தான் இங்கே அது ஐந்தாம் பக்கச் செய்தி. பிரிட்டனில் விளைவு வேறு. ஒரே சொல்லைப் போட்டால் இந்திய வாசகர் அதை இலேசாக எடுத்துக்கொள்வார் என்பது நியாயமான கவலை. ஆனால் சட்டச் செயல் ஒன்றே, விளைவுதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அதை விளக்கத்தில் சொல்வதே சரி என்று நினைக்கிறேன். பதிவை இப்படி எழுதலாம்:

முடித்துவைப்பு: நாடாளுமன்றக் கூட்டத்தொடர் ஒன்றை, அவையின் முடிவாக அல்லாமல், நாட்டின் தலைவர் (பிரிட்டனில் பிரதமரின் ஆலோசனைப்படி முடியரசர்) முடிவுக்குக் கொண்டுவருதல். உறுப்பினர் பதவிகள் நீடிக்கும். பிரிட்டனில் நிறைவேறாத மசோதாக்கள், முன்கூட்டியே தீர்மானம் இல்லாவிட்டால், காலாவதியாகும், இந்தியாவில் ஆகா. ஒத்திவைப்பு, கலைப்பு ஆகியவற்றோடு ஒப்பிடுக.

ஐயா, இலங்கை வழக்கு பற்றி ஒரு வரி இதில் சேர்க்க வேண்டுமானால் நீங்களே எழுதிக் கொடுங்கள். அடைப்பில் ‘இலங்கையில் ஒத்திவைப்பு என்றும் வழங்கும்’ என்று போடுவதில் எனக்கு மறுப்பில்லை, தேடி வருபவர்களுக்கு உதவும்.

பாக்கி ஒன்றுதான். மசோதா சாகாமல் அடுத்த தொடருக்குக் கொண்டுபோகும் அந்தத் தீர்மானத்துக்கு நம்மிடம் பெயரே இல்லை. ‘கொண்டுசெல் தீர்மானம்’ என்று எழுதிப்பார்த்தேன், கூரியர் நிறுவனம் மாதிரி இருக்கிறது. வேறு தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள். புது இழை தொடங்க வேண்டாம், தேட முடியவில்லை.